உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிச் சீமையில் சமயங்கள் இடம் மாறிய கதை

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜாவும் அவன் குதிரையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவன் செஞ்சியில் இருந்ததோ சில மாதங்கள்தான். அவனுக்கு முந்தைய 250 ஆண்டுகளில் இந்தச் சீமையின் சாமி, சடங்கு, மொழி, கட்டடம் எல்லாமே தலைகீழாக மாறின. வென்றவர்கள் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். விலை கொடுத்தவர்களின் நினைவு வாய்மொழியாகவும் கூத்தாகவும் அயல்நாட்டார் கடிதமாகவும்தான் மிஞ்சியது. இந்த இதழில் இரண்டு தரப்பையும் சேர்த்தே பார்ப்போம்.

◆ செஞ்சிக் கோட்டைக்கு அடிக்கல் நாட்டியது பேரரசர் யாரும் இல்லை, ஓர் இடையர் குலத் தலைவர் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆடு மேய்த்த இடத்தில் புதையல் எடுத்த ஆனந்தக் கோன் சுமார் 1200-இல் செஞ்சியின் ராஜகிரி மலையில் முதல் அரணைக் கட்டினார் என்பது வழிவழிச் செய்தி. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோனின் பெயரைத்தான் கிருஷ்ணகிரி மலை தாங்கி நிற்கிறது. இந்தச் செய்திகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்ற தமிழ் உரைநடை நூலில் நாராயணன் என்பவர் தொகுத்து வைத்தார். பின்னால் செஞ்சி வரலாறு எழுதிய எல்லாருமே அவருக்குக் கடன்பட்டவர்கள்.

◆ கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே குடியிருந்த சமயம் சமணம். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. பெரிய பாறை ஒன்றின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே அளவு, ஒரே இருப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் யாரை முதலில் பார்ப்பது என்றே தெரியாது.

அங்கேயே இன்னொரு பாறையில் ஒரு சிறிய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த இடம் இது என்று சொல்கிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்பவர்களுக்கு மிக முக்கியமான ஆவணம் இது. 1400 ஆண்டுகளுக்கு மேல் பழையது. சில நூற்றாண்டு கழித்து இளையபட்டாரர் என்பவர் அதே குன்றில் 30 நாள் நோன்பிருந்து மறைந்தார். அதற்கும் கல்வெட்டு உண்டு.

◆ இந்தச் சமணர்களுக்கு 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பேரிடி விழுந்தது. தங்களுக்குள் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இந்தக் கதையை 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் அச்சில் ஏற்றியது. ஆண்டு 1478 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்ற நாயக்கத் தலைவன் தனக்கு உயர்குலப் பெண் வேண்டும் என்று கேட்டான். சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று பிராமணர்கள் நழுவிக்கொண்டார்கள். சமணர்கள் சரி என்று சொல்லி, மணநாளன்று ஒரு வீட்டைக் காட்டினார்கள். உள்ளே போனால் பெண்ணுக்குப் பதில் ஒரு பெண் நாய் கட்டப்பட்டிருந்தது. அவமானத்தில் கொதித்தவன் சமணர் தலைகளை வெட்டச் சொல்லி ஆணையிட்டான்.

பலர் செத்தார்கள். பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். மிச்சமிருந்தவர்கள் நெற்றியில் திருநீறு பூசிச் சைவராகிவிட்டதாகக் காட்டிக்கொண்டு, வீட்டுக்குள் பழைய நெறியைக் காத்தார்கள்.

பெண்ணை ஒரு சிற்றரசனின் ஆசைக்கும் குலப் பெருமைக்கும் நடுவில் பந்தயப் பொருளாக வைத்த கதை இது. அந்தக் காலத்தின் முகம் இதில் அப்படியே தெரிகிறது. மண உறவு கேட்ட புதிய அதிகாரம், கொடுக்க மறுத்த பழைய மேட்டிமை, இடையில் சிக்கிய ஒரு சிறுபான்மைச் சமயம்.

◆ அந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் இருக்கிறது. திண்டிவனத்துக்குப் பக்கத்து வேலூரில் ஒரு சமணர் குளக்கரையில் சமண முறைப்படி நியமம் செய்துகொண்டிருந்தபோது காவலர் கையில் பிடிபட்டார். அன்றைக்குத் தலைவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்ததால் அவர் தலை தப்பியது. மனம் மாறித் துறவு பூண்டு, கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவுக்குப் போய்ப் பயின்று வீரசேனாச்சாரியார் ஆனார். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்ற சமணர் அதற்குள் தெற்கே ஓடி உடையார்பாளையம் ஜமீனில் தஞ்சம் புகுந்திருந்தார். ஆபத்து தணிந்ததும் அவரே சிரவணபெளகொளாவுக்குப் போய் வீரசேனரை அழைத்துவந்தார். திருநீறு பூசியிருந்தவர்களில் பலர் மறுபடியும் சமண நெறிக்குத் திரும்பினார்கள். உடையாரின் வழிவந்தவர்களுக்குச் சமணர் கூட்டங்களில் தனி மரியாதை செய்யும் வழக்கம் அதனால் வந்தது என்பார்கள்.

◆ திரும்பாமலே போனவர்களும் உண்டு. 'நீறுபூசி' என்ற அடைமொழியோடு சைவ வேளாளராகவே நிலைத்துவிட்ட குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருந்ததைப் பழைய மாவட்டக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடிப்பது, புலாலைத் தொடாமல் இருப்பது போன்ற பழக்கங்கள் சமயத்தின் பெயர் மாறினாலும் அடுப்படியை விட்டு எளிதில் போவதில்லை.

◆ செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், இன்றும் தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடம். காஞ்சியில் இருந்த மடம் இங்கே இடம் பெயர்ந்ததால் இதற்கு 'ஜினகாஞ்சி மடம்' என்று பெயர். பீடத்தில் அமர்பவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டத்தோடு அமர்கிறார். பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ என்றுதான் நினைப்பார்கள். தேரோட்டமும் உண்டு, சுவாமி புறப்பாடும் உண்டு. சுற்றியிருக்கும் கிராமங்களில் நயினார் என்ற பட்டப் பெயருடன் உழவுத் தொழில் செய்துவருபவர்கள் இந்தச் சமணர்கள். வணிகத்துக்காக வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று சிலர் நினைப்பது தவறு. இவர்கள் மண்ணின் மைந்தர்கள், தாய்மொழி தமிழ்.

◆ விஜயநகரத்தின் கை 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செஞ்சியை எட்டியது. பிறகு நாயக்கர்கள் வந்தார்கள். அவர்களோடு தெலுங்கும் வைணவப் பற்றும் திருப்பதி வேங்கடவனும் வந்து சேர்ந்தார்கள். கோட்டைக்குள் மிகப் பெரிய கோயில் வேங்கடரமணர் கோயில்தான். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாசலில் நுழையும்போது இரு பக்கச் சுவரையும் அவசரப்படாமல் பாருங்கள். இராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் பாற்கடல் கடைவதும் சின்னச் சின்னச் சதுரங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாம்பின் தலைப் பக்கம் அசுரர், வால் பக்கம் தேவர் என்று கதை தெரிந்தவர்கள் விரல் வைத்துக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

◆ புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தவை தெரியுமா? செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து. 1750-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. முதலில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலைக்கு அழகு சேர்த்தன. கடற்கரையில் படம் எடுத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கானோரில், தாங்கள் சாய்ந்து நிற்பது ஒரு பெருமாள் கோயிலின் மண்டபத் தூண் என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே. அங்கே ஒரு பலகையாவது வைக்க வேண்டும்.

◆ 1597. சிதம்பரம். நிக்கோலஸ் பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையோரமாகப் பயணம் வந்துகொண்டிருந்தார். செஞ்சி நாயக்கர் இரண்டாம் கிருஷ்ணப்பர் அப்போது சிதம்பரத்தில் தங்கியிருந்தார். நடராசர் கோயில் வளாகத்துக்குள் இருக்கும் கோவிந்தராசப் பெருமாள் சன்னிதியைப் பெரிதாகத் திருப்பணி செய்ய வேண்டும் என்பது நாயக்கரின் எண்ணம்.

இதற்குப் பின்னால் நீண்ட பகை ஒன்று இருக்கிறது. சோழன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் அந்தப் பெருமாள் அப்புறப்படுத்தப்பட்டார் என்பது வைணவர்களின் ஆறாத மனக்குறை. 1539-இல் விஜயநகரத்து அச்சுதராயர் அவரை மீண்டும் எழுந்தருளச் செய்தார். நாயக்கர் அதை மேலும் விரிவாக்கப் போகிறார் என்றதும் கோயில் தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். வாதம் எடுபடவில்லை. கட்டினால் கோபுரத்திலிருந்து விழுந்து சாவோம் என்றார்கள். நாயக்கர் அசையவில்லை.

ஒவ்வொருவராக ஏறிக் குதித்தார்கள். பிமென்டா அங்கே இருந்த நேரத்துக்குள் இருபது பேர் விழுந்து இறந்திருந்தார்கள். நாயக்கர் சினந்து, ஏறுபவர்களைச் சுடும்படி துப்பாக்கி வீரர்களுக்கு உத்தரவிட்டார். இருவர் சுடப்பட்டு மாண்டார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். பிறகு மற்றவர்கள் கலைந்தார்கள். திருப்பணி நடந்தது.

ஓர் இந்து அரசர், இந்துக் கோயில், இந்து அர்ச்சகர்கள். மத்திய காலத்து மதச் சண்டை என்றாலே இரண்டு மதங்களுக்கு நடுவில் நடந்ததாக எண்ணுகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் படிக்க வேண்டும். விழுந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அயல் மதத்துப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்ததால்தான் அவர்கள் செத்தது நமக்குத் தெரியவருகிறது. கோவிந்தராசர் சன்னிதியில் பிரம்மோற்சவம் நடத்துவது பற்றிய வழக்கு அண்மை ஆண்டுகளில்கூட உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

◆ அதே பிமென்டா நாயக்கரைப் பார்த்த காட்சியையும் எழுதியிருக்கிறார். பட்டுக் கம்பளத்தில் இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி இருந்தார் கிருஷ்ணப்பர். நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்து முத்துகளால் அலங்கரித்திருந்தார். மார்பில் மணியும் முத்தும் பதித்த பெரிய சங்கிலி. வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்தார். பாதிரியார்கள் அதை மெல்லவில்லை என்பது நாயக்கருக்குப் பெரிய வியப்பு!

◆ செஞ்சிக்கு வந்த பாதிரியார்களுக்கு ஒரு கோபுர மாளிகையில் இடம் கொடுத்தார்கள். வெயில் தாங்கவில்லை. அவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு சாமி தோப்பில் போய்த் தங்கினார்கள். பிற சமயத்துத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட தோப்பு என்று தெரிந்தேதான் தங்கினார்கள். மர நிழலுக்கு முன்னால் சமயக் கண்டிப்பு கொஞ்சம் தளர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அவர்கள் பார்த்தது, வரிசையில் நின்ற இருநூறு பிராமணர்களை. அரசர் ஒரு வீட்டுக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கும் நாளில் தீவினை அண்டாதிருக்கத் தீர்த்தம் தெளிப்பதற்காக நின்றவர்கள். தான் இந்தியாவில் கண்ட நகரங்களில் செஞ்சியே பெரியது, லிஸ்பன் ஒன்றைத் தவிரப் போர்ச்சுகலின் எந்த நகரும் இதற்கு ஈடில்லை என்பது பிமென்டாவின் கருத்து. இன்று செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்குபவர்கள் நம்பக் கஷ்டப்படுவார்கள்.

◆ சிதம்பரத்தில் தீட்சிதர்களைச் சுடச் சொன்ன அதே கிருஷ்ணப்பர், வெள்ளாற்று முகத்துவாரத்தில் தான் எழுப்பிக்கொண்டிருந்த புதிய நகரத்துக்கு ஒரு கிறித்துவப் பாதிரியாரைத் தந்து உதவும்படி பிமென்டாவிடம் கேட்டுக்கொண்டார். தேவாலயம் கட்டவும் இசைந்தார். அந்தக் கிருஷ்ணப்பட்டினம் எழுந்த இடம் இன்றைய பரங்கிப்பேட்டைப் பகுதி. துறைமுகத்துக்கு வணிகர் வேண்டும், வணிகருக்கு அவரவர் வழிபாட்டிடம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். இவரைச் சகிப்புத்தன்மை மிக்கவர் என்று புகழ்வதும் வெறியர் என்று ஏசுவதும் ஒரேபோலப் பிழை. தன் சமயத்துக்குள் உரிமைப் போட்டி என்றால் விட்டுக்கொடுக்க மாட்டார். வெளியிலிருந்து வந்தவருக்கு இடம் தருவார்.

◆ சூரப்ப நாயக்கரின் செஞ்சி அவையில் இருந்த பெரும்புலவர் இரத்தினகேட சீனிவாச தீட்சிதர். 'பாவனாபுருஷோத்தமம்' என்ற வடமொழி நாடகத்தை இந்த நாயக்கரின் ஆதரவில் எழுதினார். தெலுங்கு பேசிய அரசர், தமிழ் பேசிய குடிகள், சமஸ்கிருத நாடகம்: மூன்றும் ஒரே கோட்டைக்குள்.

◆ செஞ்சி வைணவத்தை வளர்த்த அதே காலத்தில், பக்கத்து வேலூர்க் கோட்டையின் சின்ன பொம்ம நாயக்கர் சைவத்துக்குத் தூணாக நின்றார். அடையபலத்து அப்பைய தீட்சிதர் 'சிவார்க்கமணிதீபிகை' எழுதியதற்காகப் பொம்ம நாயக்கர் அவரைப் பொன்னால் நீராட்டினார். அடையபலம் காளகண்டேசுவரர் கோயிலில் உள்ள 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இந்தக் கனகாபிடேகத்தைச் சொல்கிறது.

◆ கோட்டைக்குள் கல்யாண மகாலைப் பாருங்கள். நடுவில் ஒரு சதுரக் குளம், சுற்றிலும் அறைகள், ஒரு பக்கம் அடுக்கடுக்காக மேலே குறுகிச் செல்லும் கோபுரம். வளைவுகள் பாரசீகப் பாணி, உச்சி கோயில் விமானத்தை ஒத்தது. கிருஷ்ணகிரி மலையுச்சி மண்டபத்திலும் இதேபோன்ற வளைவும் குவிமாடமும் உண்டு. கொத்தனார்கள் சமயம் பார்க்கவில்லை. காற்று எப்படி வரும், சுமை எப்படி இறங்கும் என்று பார்த்தார்கள்.

◆ இந்த மண்ணில் பிறந்து கடல் தாண்டிப் போன தெய்வம் எது தெரியுமா? திரௌபதி அம்மன்.

செஞ்சிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் மேலச்சேரி இருக்கிறது. 'பழைய செஞ்சி' என்பது அதன் இன்னொரு பெயர். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலை ஆதி பீடம் என்று கூத்துக்காரர்களும் பாரதப் பிரசங்கிகளும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் பல ஆண்டுகள் இந்த வட்டாரத்துத் திருவிழாக்களைச் சுற்றிப் பார்த்து, 1988-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். திரௌபதி வழிபாட்டின் மையம் செஞ்சிச் சீமைதான், நாயக்கர் காலத்துக் கோட்டை அரசியலோடு சேர்ந்தே அது உருப்பெற்றது என்பது அவர் காட்டிய முடிவு.

கதை இப்படி: பாரதப் போரெல்லாம் முடிந்து வெகுகாலத்துக்குப் பின், செஞ்சியை ஆண்ட சுனீதன் என்ற அரசனை நூறு தலை அசுரன் ஒருவன் வதைத்தான். அரசனுக்கு உதவத் திரௌபதி இரண்டாம் முறை தோன்றினாள். அசுரனின் கடைசித் தலை தரையில் விழுந்தால் கேடு. அதை ஏந்தி நிற்க ஆள் வேண்டும். ஏந்தி நின்றவன் போத்துராசா. இன்றும் திரௌபதி அம்மன் கோயில்களில் கையில் ஒரு தலையோடு நிற்கும் காவல் சாமி அவர்தான். தெலுங்கு நாட்டுக் கிராம தேவதைகளின் துணைவரான போத்துராசு, நாயக்கர் காலத்தில் செஞ்சிக்கு வந்து பாஞ்சாலியின் படையில் சேர்ந்துகொண்டார்.

திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள். இரவெல்லாம் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசன்று உயர்ந்த மரத்தில் ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழமும் விபூதியும் இறைப்பார்கள். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்துவார்கள். பதினெட்டாம் போரன்று களத்தில் துரியோதனன் மண்ணுருவமாக மல்லாந்து கிடப்பான். ஒரு பனை மரத்தைவிட நீளமாக உருட்டிச் செய்த உடம்பு, முறுக்கிய மீசை, உருண்டை விழி. வீமன் வேடக்காரர் அவன் தொடையில் அடிப்பார். அங்கே புதைத்து வைத்திருக்கும் செந்நீரை எடுத்துத் தடவி, அதுவரை விரித்திருந்த கூந்தலை அம்மனுக்கு முடிப்பார்கள். கூட்டத்தில் பெண்கள் பலரும் அந்த நேரம் தங்கள் கூந்தலையும் முடிந்துகொள்வார்கள். மாலையில் தீமிதி.

அவமானப்பட்ட ஒரு பெண் தெய்வமாகி, தன்னை இழிவுபடுத்தியவன் மேல் கால் வைத்துக் கூந்தல் முடிக்கும் இந்தச் சடங்குக்கு இணையாக நம் கிராமங்களில் வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அரசர்கள் கட்டிய கோயில்கள் பூசையின்றிக் கிடக்கையில், உழவரும் கூத்தரும் வளர்த்த இந்த வழிபாடு ஆண்டுதோறும் நடக்கிறது.

◆ திரௌபதியின் இன்னொரு காவலர் ஒரு முஸ்லிம்! முத்தால ராவுத்தர் என்று பெயர். குதிரை வீரர். பல திரௌபதி அம்மன் கோயில்களில் அவருக்குத் தனி இடம் உண்டு. சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். பீஜப்பூர், முகலாயக் குதிரைப் படைகள் செஞ்சிச் சமவெளியில் அலைந்த காலத்தை மக்கள் இப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள். படையெடுத்து வந்த வீரனையே அம்மன் வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள்.

◆ சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஐப்பசியில் நடக்கும் தீமிதி திரௌபதிக்கானது. இலங்கை உடப்பில் ஆடி மாதம் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். மட்டக்களப்புக் கரையில் பாண்டிருப்பிலும் உண்டு. ரீயூனியன், மொரீசியஸ், ஃபிஜி, தென்னாப்பிரிக்கத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பலர் செஞ்சி, ஆற்காடு வட்டாரத்தார். மூட்டையில் பெரிதாக எதுவும் இல்லை. அம்மனை மனத்தில் கொண்டுபோனார்கள்.

◆ கோட்டை கைமாறிய வேகத்தைப் பாருங்கள்: 1649-இல் பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1690 முதல் முகலாய முற்றுகை, 1698-இல் முகலாயர் கையில். அந்த முற்றுகைக் காலத்தில் சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்துதான் மராட்டிய அரசை நடத்தினார். ஐம்பது ஆண்டுக்குள் ஒரே ஊரில் தெலுங்கு, தக்கணி, மராட்டி, பாரசீகம் என ஆட்சிமொழிகள் வந்து போயின. கழனியில் பேசப்பட்டது மட்டும் தமிழ்.

◆ தேசிங்கின் தந்தை சொரூப் சிங், அவுரங்கசீப்பின் ஆணையில் செஞ்சிக்கு வந்த பந்தேலா ராஜபுத்திரர். அவரோடும் அவருக்குப் பின்னும் வடக்கிலிருந்து வந்த வீரர்களின் வழியினர் 'பொந்தில்' என்ற பெயரில் இன்றும் வட தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள்.

◆ போர்க்காலத்தில் காஞ்சி வரதராசப் பெருமாளின் உற்சவத் திருமேனியை உடையார்பாளையத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். சமணர் காங்கேய உடையாருக்கு அடைக்கலம் கொடுத்த அதே உடையார்பாளையம்! 1710-இல் பெருமாளை மீட்டுக் காஞ்சிக்குக் கொண்டுவரத் துணை நின்றவர் லாலா தோடர்மால். இவர் யாரிடம் வேலை பார்த்தார் தெரியுமா? ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானிடம்.

◆ அந்த நவாபோடு மோதித்தான் 1714 அக்டோபர் 3-ஆம் நாள் தேசிங்கு மாண்டான். பாக்கி வைத்த கப்பப் பணத்தில் தொடங்கிய சண்டை அது. வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். அவன் பக்கம் நின்று உயிர் விட்டவன் நண்பன் மகமத்கான். தேசிங்கைப் பற்றிய கதைப்பாடலில், மணமேடையில் இருந்த மகமத்கானுக்கு ஓலை வருகிறது. மாலையைக் கழற்றிவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறிப் போர்க்களம் வருகிறான். முஸ்லிம் நவாபுக்கு எதிராக, ராஜபுத்திர நண்பனுக்காக. நவாப் பக்கத்திலும் இந்து அதிகாரிகள், படைவீரர்கள் உண்டு. இருவருடைய நினைவிடங்களும் நீலாம்பூண்டியில் அருகருகே இருக்கின்றன.

தேசிங்கின் இளம் மனைவி செட்டிகுளக் கரையில் உடன்கட்டை ஏறினாள். கதைப்பாடல் அதை வீரமாகப் பாடுகிறது. எனக்கு அது படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும் பகுதி. வாழ்வைத் தொடங்கியே இராத ஒரு பெண் அவள். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக வந்தது என்பர்.

◆ சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் ஒரே பாறையில் செதுக்கப்பட்டவர்; சுமார் 24 அடி நீளம். அவர் முகம் சற்றே ஒருபுறம் திரும்பியிருக்கும். போருக்கு உத்தரவு கேட்ட தேசிங்குக்கு, போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். சிலை தேசிங்குக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. இருந்தாலும் பாறையில் இருந்த ஒரு திருப்பத்துக்கு மக்கள் தங்கள் துக்கத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

◆ வெற்றிக்குப் பின் சாதத்துல்லா கான் 1717-18-இல் கோட்டைக்குள் பள்ளிவாசல் கட்டினார். பாரசீகக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவருடைய வாழ்க்கையைப் பாரசீகத்தில் 'சயீத் நாமா' என்று எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்ற இந்து. முகலாய அலுவலகங்களில் கணக்கும் கடிதமும் எழுதிய குடும்பங்களுக்குப் பாரசீகம் அன்றாட வேலை மொழி.

◆ மாசி மகத்தன்று சிங்கவரம் அரங்கநாதர் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அதே நாளில் தெற்கே ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் வழியில் தர்கா முன் நிற்பார். அங்குள்ள முஸ்லிம்கள் பெருமாளுக்கு மாலை மரியாதை செய்வார்கள். கோயிலின் பிரசாதம் தர்காவுக்குப் போகும். கிருஷ்ணப்ப நாயக்கர் துறைமுகம் கட்டிய பரங்கிப்பேட்டைக்கு அடுத்த கரைதான் கிள்ளை.

◆ 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தொகுப்பில் 12 கோட்டைகள். தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றே. பெருமைதான். இனிக் கூட்டம் கூடும். வருபவர்கள் ராஜகிரியை மட்டும் ஏறி இறங்கிவிட்டுத் திருவண்ணாமலைப் பேருந்தைப் பிடித்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். காலையில் வெயில் ஏறும் முன் கோட்டை, பிறகு திருநாதர் குன்று, அங்கிருந்து சிங்கவரம் பக்கம்தான், பிற்பகல் மேலச்சேரி. சித்தாமூருக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். திருநாதர் குன்றில் சந்திரநந்தியின் கல்வெட்டைச் சுண்ணாம்பு, சாக்குக்கட்டி கொண்டு தெளிவாக்க முயல வேண்டாம்; தேய்ந்த எழுத்து மேலும் தேய்ந்துவிடும்.